ஒளித்து வைத்த ஜிபிஎஸ்ஸுக்கு வானம் தெரிய வேண்டும்

போன வருடம் ஒரு நாள் காலை ஆறரை மணிக்கே மச்சானிடமிருந்து போன். திருச்சியில் இரண்டு கார் வைத்து வாடகைக்கு விடுகிறவர். "மாப்ள, டிரைவர் ராத்திரி வண்டிய எடுத்துக்கிட்டு ஊர் சுத்தியிருக்கான். ஆப்ல அப்படியே தெரியுது" என்றார். பின்னாலேயே ஸ்க்ரீன்ஷாட் வந்தது. இரவு பதினொன்றிலிருந்து விடிகாலை நாலு மணி வரை பதினான்கு 'பயணங்கள்', எல்லாம் சேர்த்து மூன்று கிலோமீட்டர். வரைபடத்தில் கோடு வீட்டைச் சுற்றியே சிலந்தி வலை மாதிரிப் பின்னிக் கிடந்தது. ஓரிடத்தில் பக்கத்துக் கல்யாண மண்டபச் சமையற்கட்டுக்குள் புகுந்து சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. டிரைவர் கேட்டது ஒன்றே ஒன்றுதானாம்: "அண்ணே, சாவி உங்க பூஜை ரூம் ஆணியிலதானே தொங்குச்சு?"

கார் நகரவே இல்லை. அலைந்தது டிராக்கரின் கணக்கு. வண்டி இருக்கும் இடத்தை ஜிபிஎஸ் மூலம் கண்டு போனுக்குச் சொல்கிற கருவி அது. திருடன் கண்ணில் படக் கூடாது என்று, கருவியைப் பொருத்தியவர் அதை டிக்கிக்குள், ஸ்டெப்னி டயருக்குப் பக்கத்தில் கட்டி வைத்திருந்தார். மேலே இரும்புக் கதவு, கீழே இரும்புத் தளம், பக்கவாட்டில் இரும்பு. ஒளித்து வைக்க அருமையான இடம். செயற்கைக்கோளிடமிருந்தும் சேர்த்தே ஒளித்துவிட்டார்.

இந்த விஷயத்தில் நம் கண்ணை நம்பினால் ஏமாந்துபோவோம். கறுப்பு பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது, ஜிபிஎஸ் அலை அதில் தாராளமாக நுழைந்துவிடும். பளிங்கு மாதிரித் தெரிகிற முன்கண்ணாடி சில கார்களில் அதே அலைக்குச் சுவர். திருடன் பக்கவாட்டிலிருந்தும் கீழே குனிந்தும் தேடுகிறான், செயற்கைக்கோளோ மேலிருந்து பார்க்கிறது. கண்ணுக்கு மறைந்தும் மேல்நோக்கி அலைக்குத் திறந்தும் உள்ள இடங்கள் ஒவ்வொரு காரிலும் சில உண்டு. அவற்றைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. அதற்கு முதலில், வந்து சேர்கிற சிக்னல் எவ்வளவு அற்பமானது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் தரையிலிருந்து சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. அவை அனுப்பும் திறன் சில பத்து வாட், அதாவது பழைய குண்டு பல்பின் கணக்கு. அந்தத் தூரத்தைக் கடந்து பாதிப் பூமியின் மேல் பரவி விழுந்த பிறகு ஆன்டெனாவில் மிஞ்சுவது எவ்வளவு? ஒரு வாட்டைக் கோடிப் பங்காக்கி, அதில் ஒரு பங்கை எடுத்து மறுபடி நூறு கோடிப் பங்காக்கினால் வருவதுதான். பொறியாளர்கள் இதை மைனஸ் 130 டிபிஎம் அளவில் என்பார்கள். சூடான எந்தப் பொருளிலும், எந்த மின்சுற்றிலும் இயல்பாகவே இருக்கும் இரைச்சல் இதைவிடப் பல மடங்கு பெரிது. திருவிழாக் கூட்டத்துக்குள் ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்பது மாதிரிதான்.

அப்புறம் எப்படிக் கேட்கிறது? முணுமுணுப்பில் ஒரு தாளம் இருக்கிறது. ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் 1,023 துண்டுகள் கொண்ட தனிக் குறியீடு உண்டு. அது ஆயிரத்தில் ஒரு வினாடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வருகிறது. கருவிக்கு அந்தத் தாளம் முன்கூட்டியே தெரியும். தன்னிடம் உள்ள நகலை வந்த இரைச்சலின் மேல் வைத்து நகர்த்தி நகர்த்திப் பார்க்கிறது. பொருந்தும் இடத்தில் சிக்னல் தலைகாட்டும், பொருந்தாத இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பொருந்திய நேரத்திலிருந்து தூரம், நாலு செயற்கைக்கோளின் தூரத்திலிருந்து இடம். ஒரு மைக்ரோ வினாடி தவறினால் 300 மீட்டர் தவறும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். வெட்டவெளியில் இந்த வித்தைக்குக் கொஞ்சம் இடைவெளி மிச்சம் இருக்கும். காருக்குள் ஒளித்து வைக்கும்போது செலவாவது அந்த மிச்சம்தான்.

எதில் எவ்வளவு செலவாகிறது? உலோகத்தில் முழுவதும். தடிமன் ஒரு பொருட்டே இல்லை. இட்லி மடிக்கிற அலுமினியத் தாள் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும், அதுவே போதும். அப்படியிருக்க காரின் கூரைத் தகட்டைக் கேட்கவே வேண்டாம். பிளாஸ்டிக், ரெக்ஸின், துணி, நுரை, அட்டை ஆகியவற்றில் இழப்பு சொற்பம். சாதாரணக் கண்ணாடியில் ஓரிரு டெசிபெல் போகும் (மூன்று டெசிபெல் போனால் வலு பாதி). மனித உடம்பு பெரும்பாலும் தண்ணீர் என்பதால் நன்றாகவே உறிஞ்சும். சீட்டுக்கு அடியில் கருவியை வைத்துவிட்டு மேலே ஆளை உட்கார வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

கண்ணாடிதான் சிக்கலான ஆசாமி. வெயிலின் வெப்பத்தைத் திருப்பியனுப்ப, சில கார்களின் முன்கண்ணாடிக்குள் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வெள்ளிப் படலம் வைத்திருப்பார்கள். கண்ணுக்கு அது கண்ணாடி, ரேடியோ அலைக்கு அது தகடு. நூறில் ஒரு பங்குகூட உள்ளே விடாத வகைகள் உண்டு. ஃபாஸ்டேக் ஒட்டியவர்களில் சிலருக்கு இந்த அனுபவம் வேறு வழியில் கிடைத்திருக்கும். டோல்கேட்டில் மற்ற வண்டிகளுக்கெல்லாம் கேட் திறக்கும், இவர்களுக்கு மட்டும் கையில் ஸ்கேனரோடு ஆள் ஓடி வருவார். இத்தகைய முன்கண்ணாடிகளில், உள்ளே மாட்டியிருக்கும் ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால், புள்ளி புள்ளியாகக் கறுப்பு அச்சிட்ட பகுதியில், படலம் இல்லாத சிறு ஜன்னல் ஒன்றை விட்டிருப்பார்கள். டேக் ஒட்ட வேண்டியது அங்கேதான். ஜிபிஎஸ் ஆன்டெனாவுக்கும் அதே ஜன்னல்தான் கதி. கண்ணாடியில் ஒட்டுகிற சன் ஃபிலிமிலும் இரண்டு ஜாதி: உலோகப் பூச்சு உள்ளது, இல்லாதது. 2012இல் உச்ச நீதிமன்றம் கறுப்பு ஃபிலிமுக்குத் தடை விதித்தபோது பேச்சு முழுக்க வெளிச்சம் எத்தனை சதவீதம் உள்ளே வருகிறது என்பதைப் பற்றித்தான் இருந்தது. டிராக்கருக்கு வெளிச்சக் கணக்கு பொருட்டல்ல. கன்னங்கரேலென்ற சாயம் பூசிய ஃபிலிம் அலையை விட்டுவிடும், லேசாக மினுங்குகிற உலோகப் பூச்சு ஃபிலிம் விடாது.

இப்போது காரைச் சுற்றி ஒரு நடை. பானெட்டுக்குள் வைப்பவர்கள் பேட்டரி பக்கத்தில் இருக்கிறதே என்று வைக்கிறார்கள். மேலே தகடு, கீழே எஞ்சின் சூடு. வேண்டாம். டிக்கியின் கதை சொல்லியாயிற்று. கூரையின் உள்பக்கத் துணிக்கு மேலே வைக்கலாமே, உயரமான இடமாச்சே என்று பலருக்குத் தோன்றும். அங்கேதான் தகடு கருவியின் உச்சந்தலையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. குடைக்கு மேலே மழையைத் தேடாமல் குடைத்துணிக்கு அடியில் தேடுகிற மாதிரி.

சீட்டுக்கு அடியில் வைத்தால் முழுக்க வறட்சி என்று சொல்ல முடியாது. திண்ணையில் உட்கார்ந்தவனுக்குச் சாரல் அடிப்பதைப் போலப் பக்கக் கண்ணாடிகள் வழியாகக் கொஞ்சம் உள்ளே வரும். ஆனால் வருவது அடிவானத்துக்குப் பக்கத்தில் உள்ள செயற்கைக்கோள்களின் சிக்னல். அதிலும் பாதி, எதிர்வீட்டுச் சுவரிலும் பக்கத்து வண்டியிலும் மோதித் திரும்பியது. மோதி வந்த அலை கூடுதல் தூரம் நடந்திருக்கிறது. கருவி அதை நேராக வந்ததாக எண்ணிக் கணக்குப் போடுகிறது. செயற்கைக்கோள் நகர நகர எந்தச் சுவரில் மோதுகிறது என்பதும் மாறும், கணக்கும் மாறும். டிக்கிக்குள்ளும் இடுக்குகள் வழியாக நுழைவது இப்படி மோதி வந்த அலைதான். மச்சானின் கார் ராத்திரி முழுக்கக் கல்யாண மண்டபத்துக்குப் போய்ப் போய் வந்தது இப்படித்தான்.

உருப்படியான இடங்கள் என்றால், முதலாவது டேஷ்போர்டின் மேல்தோலுக்கு அடியில், முன்கண்ணாடி வந்து சேர்கிற விளிம்பை ஒட்டிய பகுதி. கண்ணாடி சாய்ந்திருப்பதால் அந்த இடத்துக்கு நேர் மேலேயும் கண்ணாடிதான், கூரை பின்னால் தள்ளித்தான் தொடங்குகிறது. தலைக்கு மேல் உள்ள வானம், முன்பக்க வானம், இரண்டு பக்க வானம் எல்லாம் கிடைக்கும். இழப்பது பின்பக்கத்தை மட்டும். ஸ்பீடாமீட்டர் கூண்டுக்கு மேலே உள்ள பிளாஸ்டிக் கூரைக்கு அடியிலும் இதே நிலைதான். அங்கிருந்து ஓரடி கீழே இறக்கினால் ஆட்டம் மாறிவிடும். ஸ்டியரிங்கைத் தாங்கும் இரும்புக் குறுக்குச் சட்டம், ஏசிப் பெட்டி, மியூசிக் சிஸ்டத்தின் தகடு எல்லாம் அங்கே வரிசை கட்டி நிற்கின்றன. 'டேஷ்போர்டுக்குள் வைத்தேன்' என்று இரண்டு பேர் சொன்னால் ஒருவருக்கு நன்றாக வேலை செய்வதும் மற்றவருக்குச் செய்யாததும் இந்த ஓரடியால்தான்.

ஹாட்ச்பேக் கார்களில் பின்கதவின் மேல் இருக்கும் ஸ்பாய்லர் பெரும்பாலும் பிளாஸ்டிக். அதற்குள் ஆன்டெனாவை நுழைத்தால் கூரையின் மேலே வைத்ததற்குக் கிட்டத்தட்டச் சமம். ஒயரைக் கொண்டுவருவதும் தண்ணீர் புகாமல் அடைப்பதும்தான் பாடு. செடானில் பின்சீட்டுக்குப் பின்னால் உள்ள தட்டு நல்ல இடம், ஆனால் மேல் விரிப்புக்கும் கீழ்த் தகட்டுக்கும் நடுவில் வைக்க வேண்டும். தகட்டுக்கு அடியில் போனால் அது டிக்கி. முன் பம்பர் பிளாஸ்டிக்தான் என்று அதற்குள் வைப்பவர்களும் உண்டு. பாதி வானம் கிடைக்கும், கூடவே மழைத் தண்ணீரும் சேறும் கிடைக்கும்.

வானத்தின் பாதி கிடைத்தால் போதாதா? செயற்கைக்கோள்கள் எந்தெந்தத் திசையில் தெரிகின்றன என்பதைப் பொறுத்தது. திருச்சியில் ஒரு மொட்டைமாடியில் நின்றுகொண்டு, தெரிகிற அடையாளங்களை வைத்து நாம் எங்கே நிற்கிறோம் என்று கணிக்கப் பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். மலைக்கோட்டை ஒருபுறமும் ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் இன்னொரு புறமும் தெரிந்தால் துல்லியமாகச் சொல்லலாம். எல்லா அடையாளமும் ஒரே திசையில் கொத்தாக இருந்தால் முன்னே பின்னே ஒரு தெரு தள்ளிச் சொல்லிவிடுவோம். செயற்கைக்கோள் எண்ணிக்கை பன்னிரண்டு என்று ஆப் காட்டியும் புள்ளி ஆடிக்கொண்டே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆன்டெனாவைப் பற்றி. டிராக்கர் பெட்டியைத் திறந்தால் உள்ளே பிஸ்கட் துண்டு மாதிரி ஒரு சதுரப் பீங்கான் இருக்கும், 25 மி.மீ. அல்லது அதைவிடச் சிறியது. மேல்பரப்பில் வெள்ளிப் பூச்சும் நடுவே ஒரு சொட்டு ஈயமும் தெரியும். அந்த முகம் வானத்தைப் பார்க்க வேண்டும். பெட்டியின் எந்தப் பக்கம் மேலே என்று ஸ்டிக்கரில் போட்டிருப்பார்கள், பொருத்துபவர்கள் டேப் ஒட்ட வசதியான பக்கம் பார்த்து ஒட்டிவிடுவார்கள். கவிழ்த்து வைத்தால் வலு குறைவதோடு போகாது. ஜிபிஎஸ் அலை வலப்புறமாகச் சுழன்றபடி வருகிறது. சுவரில் மோதினால் சுழற்சி இடப்புறமாக மாறும். நேராக வைத்த ஆன்டெனா வலஞ்சுழியை வாங்கி இடஞ்சுழியை ஓரளவு தள்ளிவிடும். அதன் முதுகுப் பக்கத்துக்கு இடஞ்சுழிதான் பிடிக்கும். ஆக, கவிழ்ந்த ஆன்டெனா நல்லதை விட்டுவிட்டுக் கெட்டதைப் பொறுக்குகிறது.

இன்னொரு வேடிக்கை: ஆன்டெனாவுக்கு மேலே தகடு எமன், கீழே தகடு நண்பன். உள்ளங்கை அளவு தகட்டின் மேல் பீங்கானை வைத்தால் வாங்கும் திறன் கூடுகிறது. வெளியே ஒட்டுகிற ஆன்டெனாவின் அடியில் காந்தம் இருப்பது கூரையில் ஒட்டிக்கொள்வதற்கு மட்டுமில்லை, அந்தக் கூரைத் தகடே அதற்குத் தரை. டேஷ்போர்டுக்குள் பிளாஸ்டிக்கின் மேல் வைக்கும்போது அடியில் சிறு தகரத் துண்டு ஒன்றை வைப்பது பழைய ஆட்களின் கைவேலை. காசு செலவில்லாத நல்ல வேலை.

என் கட்சி இதுதான்: பெட்டியும் ஆன்டெனாவும் தனித்தனியாக இருக்கிற மாடலை வாங்குவது. பெட்டியை எங்கே வேண்டுமானாலும் புதைக்கலாம். தீப்பெட்டி அளவு ஆன்டெனாவை மட்டும் வானம் தெரிகிற இடத்துக்கு ஏற்றினால் போதும். அந்த ஆன்டெனாவுக்குள்ளேயே ஒரு பெருக்கி இருக்கும், ஒயர் வழியாகவே 3 முதல் 5 வோல்ட் அதற்குப் போகும். ஒயரில் மீட்டருக்கு ஒரு டெசிபெல் போல வீணாகும். மூன்று மீட்டரில் பாதி போச்சு. ஆனால் பெருக்கிய பிறகு இழப்பதால் கவலையில்லை. பெருக்கும் முன் இழந்ததுதான் திரும்ப வராது. 'பூஸ்டர் போட்டால் டிக்கிக்குள்ளும் எடுக்கும் சார்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தண்ணீர் கலந்த பாலைப் பெரிய குண்டானுக்கு மாற்றினால் பால் கெட்டியாகிவிடாது.

பக்கத்து வீட்டுச் சத்தமும் உண்டு. மலிவான யூஎஸ்பி சார்ஜர், டேஷ்கேமரா, எல்இடி விளக்கின் டிரைவர் போன்றவை வோல்டேஜை மாற்ற நொடிக்கு லட்சக்கணக்கான முறை ஆன்-ஆஃப் செய்கின்றன. அதன் சிதறல் ஜிபிஎஸ்ஸின் 1575.42 மெகாஹெர்ட்ஸ் வரை எட்டிவிடும். டேஷ்கேமராவை மாட்டிய அன்றிலிருந்து மேப் தடுமாறுகிறது என்பவர்கள் அதைக் கழற்றிவிட்டு ஒருமுறை பார்க்கலாம். அரையடி நகர்த்தினாலே தீர்ந்துபோவதும் உண்டு.

ஓடிக்கொண்டிருக்கும்போது ஒழுங்காகக் காட்டுகிற கருவி, காலையில் மட்டும் பத்து நிமிடம் திணறுகிறதென்றால் அது தனிக் கதை. தாளத்தைப் பிடித்துத் தொடர்வதற்கு மெல்லிய சிக்னல் போதும். செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்கிற அதன் சொந்த ஜாதகத்தைப் படிக்க வலுவான சிக்னல் வேண்டும். அந்த ஜாதகம் நொடிக்கு 50 பிட் என்ற ஆமை வேகத்தில் வருகிறது, ஒரு சுற்று 30 வினாடி. நடுவே ஒரு துண்டு விட்டுப்போனால் அடுத்த சுற்று வரை காத்திருக்க வேண்டும். படித்த ஜாதகமும் ஏறக்குறைய நாலு மணி நேரத்துக்குத்தான் செல்லும், இரவு தூங்கி எழுந்தால் மறுபடி முதலிலிருந்து. போனில் இது தெரியாமல் போவதற்குக் காரணம், போன் அந்த ஜாதகத்தை இன்டர்நெட்டில் நொடியில் வாங்கிக்கொள்கிறது. டிராக்கரிலும் அந்த வசதி இருக்கிறதா என்று வாங்கும்போது கேட்பது நல்லது.

நம் ஊர் வானத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மாலை ஏழிலிருந்து நடுராத்திரி வரை, குறிப்பாக மார்ச்-ஏப்ரலிலும் செப்டம்பர்-அக்டோபரிலும், இங்கே சிக்னல் சில நாள் நட்சத்திரம் மாதிரி மினுக்கும். பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்கோடி வழியாகப் போகிறது. 1963இல் திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவை ராக்கெட் ஏவத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான். திருநெல்வேலிப் பக்கம் புவிக்காந்த ஆய்வு நிலையம் இருப்பதற்கும் அந்தக் கோடுதான் காரணம். சூரியன் மறைந்ததும் இந்தக் கோட்டின் மேல், வளிமண்டலத்தின் உயரே மின்னேற்றம் பெற்ற அடுக்கான அயனி மண்டலத்தில் குமிழிகள் கிளம்பி வடக்கும் தெற்கும் பரவும். அவற்றின் ஊடே வரும் அலை கூடிக் குறையும். சூரியன் சீற்றமாக உள்ள ஆண்டுகளில் இது அதிகம். கூரைமேல் ஆன்டெனா வைத்தவருக்கு இது தெரியக்கூடத் தெரியாது. விளிம்பில் உயிர் வைத்திருக்கும் டிக்கி டிராக்கர் அந்நேரம் பிடியை விட்டுவிடும்.

டாக்சி, பஸ் போன்ற பொதுப் பயணி வாகனங்களுக்கு, புதிதாகப் பதிவாகிறவற்றில் 2019 ஜனவரி முதல் ஏஐஎஸ்-140 என்ற இந்திய வாகனத் தரத்தில் டிராக்கர் கட்டாயம். அவை ஜிபிஎஸ் மாதிரி நம் நாடே அனுப்பிய செயற்கைக்கோள் அமைப்பான நாவிக்கையும் வாங்கும். நாவிக்கில் சில செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேல் நிலையாக நிற்பவை. அதில் 83° கிழக்கில் ஒதுக்கிய இடம் சென்னையிலிருந்து பார்த்தால் ஏறக்குறைய 74° உயரம், கிட்டத்தட்ட உச்சி. முன்கண்ணாடி விளிம்பில் உள்ள ஆன்டெனாவுக்கு அந்த உயரம் தெரியும், சீட்டுக்கு அடியில் உள்ளதற்குத் தெரியாது. பழைய நாவிக் செயற்கைக்கோள்கள் சிலவற்றில் அணுக்கடிகாரம் பழுதானதால் அதை மட்டும் நம்பி இருக்க முடியாது. ஜிபிஎஸ்ஸோடு சேர்ந்த உபரி வரவு என்று வைத்துக்கொள்ளலாம்.

வானம் தெரிகிற இடமே வெயில் படுகிற இடமும். சித்திரை வெயிலில் மூடி நிறுத்திய காரின் டேஷ்போர்டு 70 டிகிரியை எட்டும். டிராக்கருக்குள் இருக்கும் சிறு லித்தியம் பேட்டரிக்கு 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றுவதே ஆகாது. பெட்டியையும் ஆன்டெனாவையும் பிரி என்பதற்கு இதுவும் காரணம். முன் பயணி இருக்கைக்கு எதிரே டேஷ்போர்டின் மேல்பகுதியில் ஏர்பேக் மூடி இருக்கும். பக்கக் கண்ணாடிகளை மறைத்துத் திரை மாதிரி விரிகிற கர்ட்டன் ஏர்பேக் உள்ள கார்களில் முன் கண்ணாடித் தூணின் பிளாஸ்டிக்குக்குள்ளும் அது மடிந்து கிடக்கும். இந்த இரண்டு இடங்களிலும் எதையும் செருகக் கூடாது. ஏர்பேக் விரியும்போது முன்னால் இருப்பதெல்லாம் தோட்டா.

'ஜிபிஎஸ் எடுக்கல' என்று வருகிற புகார்களில் கணிசமானவை ஜிபிஎஸ் சம்பந்தப்பட்டவையே அல்ல. செயற்கைக்கோள் கருவிக்குத்தான் இடத்தைச் சொல்கிறது, நமக்குச் சொல்வது அதில் உள்ள சிம். ரீசார்ஜ் முடிந்திருக்கலாம், மலைப்பாதையில் டவர் இல்லாமல் இருக்கலாம். சிம் சிக்னலுக்கு நேர் வானம் தேவையில்லை, சாரலே போதும். இரண்டையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும்.

மச்சான் காரில் நாங்கள் செய்தது இவ்வளவுதான். செயற்கைக்கோள் வாரியாக வலுவைக் காட்டும் இலவச ஆப் ஒன்றைப் போனில் போட்டு, முதலில் தெருவில் வெட்டவெளியில் பார்த்தோம். டெசிபெல் கணக்கில் 45ஐ ஒட்டிக் காட்டியது. போனை டிக்கியில் வைத்து, ஸ்க்ரீன் ரெக்கார்டிங்கைப் போட்டுவிட்டு மூடினோம். திறந்து பார்த்தபோது ஒன்றுகூட 24ஐத் தாண்டியிருக்கவில்லை. இந்தக் கணக்கில் பத்து குறைந்தால் வலு பத்தில் ஒரு பங்கு என்று அர்த்தம், இருபது குறைந்தால் நூறில் ஒன்று. டேஷ்போர்டு விளிம்பில் 40. போனின் ஆன்டெனாவும் டிராக்கரின் ஆன்டெனாவும் ஒன்றல்ல, ஆனால் இடத்துக்கு இடம் வித்தியாசம் காட்ட அது போதும். பிறகு தனி ஆன்டெனா உள்ள கருவியாக மாற்றி, ஆன்டெனாவை ஸ்பீடாமீட்டர் மூடிக்கு அடியில் தகரத் துண்டின் மேல் வைத்து, பெட்டியைக் கீழே ஃபியூஸ் பாக்ஸ் பக்கம் தள்ளினோம். இக்னிஷன் ஒயரையும் இணைத்தோம், சாவி அணைந்திருக்கும்போது கருவி 'பயணம்' என்று கதை எழுதாமல் இருக்க. மூடியைப் போடும் முன்பு ஏசி, ஹெட்லைட், சார்ஜர் எல்லாவற்றையும் ஓடவிட்டு அரை மணி நேரம் பார்த்தோம். கழற்றிய பேனலை மறுபடி கழற்றுவது எரிச்சலான வேலை.

வண்டியில் டிராக்கர் இருக்கிறது என்று டிரைவருக்கு முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்று அன்று மச்சானிடம் சொன்னேன். திருடனுக்குத் தெரியக் கூடாது, சரி. ஓட்டுகிறவருக்குத் தெரியாமல் வைப்பது வேறு. இப்போது ராத்திரியில் புள்ளி காம்பவுண்டுக்குள்ளேயே கிடக்கிறது. அந்த டிரைவர் மட்டும் அடுத்த மாதமே வேறு டிராவல்ஸுக்குப் போய்விட்டார்.